வெள்ளை ஏரிக்கு வழி

சாப்பாட்டு மேஜையில் மூன்று நாளாகச் சாப்பாட்டுக்கு இடமில்லை. நாட்டின் வரைபடம் அதை முழுக்க அடைத்துக்கொண்டு கிடந்தது. மேஜை சின்னது, நாடு பெரியது. அதனால் தென்கரை முழுவதும் விளிம்பைத் தாண்டித் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் பறக்காமலிருக்க ஒரு மூலையில் சர்க்கரை டப்பா, இன்னொரு மூலையில் டார்ச் லைட், மூன்றாவது மூலையில் கனமான பூட்டு. கணவனும் மனைவியும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அதில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக இருவருக்கும் ஒரே நேரத்தில் இருபத்துநான்கு நாள் விடுமுறை கிடைத்திருந்தது. கீழ்க்கரைக் கடலில் தொடங்கி மேற்கு எல்லை மலைகள்வரை போய், வேறு வழியாகத் திரும்பி வருவதாகத் திட்டம். இந்த நேரத்தில் மேஜையாவது நாற்காலியாவது!

அவன் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். அவள் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறவள். ஊரில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும், யார் மாடிப்படியில் உருண்டாலும், போன் அவள் காதில்தான் அடிக்கும். விலாசம் கேட்டு, பக்கத்தில் எந்த வண்டி நிற்கிறதென்று பார்த்து, அதை விரட்டுவது அவள் வேலை. அவன் வண்டியின் எண் பதினொன்று. ஆறு மாதம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே, "பதினொண்ணு, கேக்குதா?" "கேக்குது கன்ட்ரோல்" என்று பேசிப் பேசியே மனசு ஒட்டிக்கொண்டது. ஏழாவது மாதம் நேரில் பார்த்தபோது இரண்டு பேருக்கும் கொஞ்சம் ஏமாற்றம்தான். அவன் இவ்வளவு குட்டையாக இருப்பான் என்று அவள் நினைக்கவில்லை. அவள் இவ்வளவு பேசுவாள் என்று அவன் நினைக்கவில்லை. ஆனாலும் கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் வீட்டில் அவளுக்கு அவன் பதினொண்ணு, அவனுக்கு அவள் கன்ட்ரோல். ஒரே மகள் இப்போது வெளியூரில் கல்லூரியில் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாள், அப்பா பெயர் என்ன என்று டீச்சர் கேட்டதற்கு, "பதினொண்ணு" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள்.

கட்டுப்பாட்டு அறை தீயணைப்பு நிலையத்தின் நிலவறையில் இருந்தது. ஒரு ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதுகூட, போனில் கூப்பிடுகிறவர்கள் வழுக்கி விழுந்தார்களா மயங்கி விழுந்தார்களா என்பதை வைத்துத்தான் தெரியும். அங்கே உட்கார்ந்துகொண்டே அவள் நகரத்தைக் கரைத்துக் குடித்திருந்தாள். எந்தச் சந்தில் வண்டி திரும்பாது, எந்தப் பாலத்துக்குக் கீழே தண்ணீர் தேங்கும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் அவற்றில் முக்கால்வாசியை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. வீட்டிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து நிலவறை, நிலவறையிலிருந்து மறுபடி பஸ்.

அவளுக்கு ஊர் சுற்றும் ஆசை வந்ததே வழிதவறி வந்த ஒரு அழைப்பால்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிற்பகலில், மேற்குக் கோடியில் ஏதோ மாவட்டத்துக்குப் போக வேண்டிய அழைப்பு என்ன கோளாறாலோ அவள் காதில் வந்து விழுந்தது. பேசியவன் லாரி ஓட்டுநர். வெயில் தாங்காமல் கூட வந்தவன் மயங்கிவிட்டான் என்று அழுதான். அவள் இன்னொரு போனில் அந்த மாவட்டத்து ஆட்களைப் பிடித்து வண்டியை அனுப்பச் சொன்னாள். வண்டி வர ஒரு மணி ஐம்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். அதுவரை அவனை லைனில் வைத்திருந்தாள். ஆளை நிழலில் போடு, துணியை நனைத்துப் போர்த்து என்று சொல்லிச் சொல்லிச் செய்ய வைத்தாள். அவன் பதறாமலிருக்க, "சுத்தி என்ன தெரியுது, அதைச் சொல்லு" என்றாள்.

"ஒண்ணுமே இல்லக்கா. ஒரு பக்கம் ஏரி, பால் மாதிரி வெள்ளையா இருக்கு. இன்னொரு பக்கம் செவப்பா மலை. நடுவுல ரோடு. ரோட்டுல நாங்க ரெண்டு பேரு."

முக்கால் மணி நேரத்தில் மயங்கியவன் கண் திறந்து தண்ணீர் கேட்டான். அதற்கப்புறம் லாரிக்காரனுக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா! இப்ப பறவைங்க எறங்குது. ரோஸ் கலர்ல. ஆயிரம் இருக்கும், ரெண்டாயிரம் இருக்கும். ஏரி கலரே மாறுது. ஐயோ, நீங்க இதைப் பாக்கணும்க்கா!"

அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் லட்சம் அழைப்பாவது எடுத்திருப்பாள். உலகத்தில் நடக்கிற கோரம் எல்லாவற்றையும் அவளிடம் சொல்வார்கள். நீங்கள் இதைப் பார்க்க வேண்டும் என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் வராததுமாக வரைபடத்தில் அந்த ஏரியைத் தேடிப் பிடித்தாள். கரையோரமாகவே போகிற சாலை, இருநூற்று முப்பது கிலோமீட்டர், நடுவில் ஊரென்று ஒரு புள்ளிகூட இல்லை. செத்தாலும் இதைப் பார்த்துவிட்டுத்தான் சாவேன் என்று கணவனிடம் சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள்.

அது விளையாட்டில்லை என்கிற மாதிரி இரண்டு வருஷம் கழித்து அவளுக்கே நெஞ்சு வலி வந்தது. அதுவும் வேலை நேரத்தில், ஹெட்போன் காதில் இருக்கும்போதே. பக்கத்து நாற்காலிக்காரிதான் வண்டியைக் கூப்பிட்டாள். அப்போது அருகில் நின்ற வண்டி பதினொன்று. ஆறே நிமிஷத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டான். ரத்தக்குழாயில் ஒரு குட்டிக் கம்பிவலையை வைத்து, மூன்றாவது நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது ஆள் நன்றாகத்தான் இருந்தாள். போன மாதம் அவனையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போய், ஏரி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுவரை சொல்லி, போகலாமா என்று கேட்டாள். டாக்டர் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தாராளமா போங்க. மாத்திரையை மறக்காதீங்க, ஓடாதீங்க" என்றார்.

"நான் எங்க டாக்டர் ஓடினேன்? மத்தவங்களை ஓட விடுறதுதானே என் பொழப்பு" என்றாள் அவள். அவளுக்கு வாயெல்லாம் பல். அவன் மட்டும் சுவரில் தொங்கிய இதயப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்றையிலிருந்து வீடு வீடாக இல்லை. என்னென்ன பார்ப்பது என்பது அவள் பொறுப்பு, எந்த வழியாகப் போவது என்பது அவன் பொறுப்பு, சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்வது வீடியோ காலில் மகள் பொறுப்பு என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். அவள் ஒரு நோட்டு முழுக்க அட்டவணை எழுதினாள். மகள் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, அருவி பத்து நிமிஷம், கோட்டை பத்து நிமிஷம், மலை உச்சி பத்து நிமிஷம். என்னம்மா இது? எண்ணூறு படி ஏறிப் போய்ப் பத்து நிமிஷத்துல எறங்கணுமா?"

"பத்து நிமிஷத்துக்கு மேல வண்டி ஒரே இடத்துல நின்னா எங்க ரூம் போர்டுல செவப்பு லைட் எரியும்டி."

"எந்த போர்டு? நீ லீவுல போறம்மா!"

கைப்பழக்கம் யாரை விட்டது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் அடித்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள். மலை உச்சிக்கு அரை நாள் கொடுத்தாள். அரை நாள் அங்கே என்னதான் செய்வார்கள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனாலும் எழுதியதை மகளுக்கு இன்னொரு முறை வாசித்துக் காட்டினாள்.

அவன் இன்னொரு ரகம். மூன்று மாதத்துக்கு முன் வாங்கிய பழைய காரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். பின்சீட்டில் அவன் ஏற்றிய சாமான்களைப் பார்த்தால் இரண்டு பேர் ஊர் சுற்றப் போகிறார்களா, பூகம்பம் வந்த இடத்துக்குப் போகிறார்களா என்று சந்தேகம் வரும். கயிறு, இரண்டு ஸ்டெப்னி, தீயணைப்பான், ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர், போதாக்குறைக்கு மடக்கு ஸ்ட்ரெச்சர்.

"ஸ்ட்ரெச்சர் எதுக்குங்க?"

"மடக்கி வைக்கிறதுதானே. எங்கயாவது மர நிழல்ல போட்டுப் படுத்துக்கலாம்."

அவனுடைய அக்கா ஒரு நாள் வந்து இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குற வயசு நெருங்குது, இதுங்க ரெண்டும் தேன்நிலவு போகுதுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணி, இருபது வருஷம் கழிச்சு வந்தாலும் தேன்நிலவு தேன்நிலவுதான்" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள். அக்காக்காரி போகும்போது, தான் போட்டுக்கொண்டு வந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் தம்பி மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

எல்லாம் சரியாக நடந்தது, ஒன்றைத் தவிர. ஏரிச் சாலை மட்டும் திட்டத்தில் நிற்கவே மாட்டேன் என்றது. அவள் காலையில் எழுதி வைப்பாள். சாயங்காலம் பார்த்தால் அவன் பென்சில் அதைச் சுற்றி வேறு பக்கம் போயிருக்கும்.

"அந்த ரோடு போன மழையில அரிச்சிட்டுப் போயிடுச்சாம்" என்றான் முதலில். அவள் விடுவாளா? அந்தப் பகுதி சாலை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். புதிதாகத் தார் போட்டிருக்கிறோம், கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார்கள்.

"புதுத் தார்ல டயர் ஒட்டும்" என்றான்.

"ஏங்க, எனக்கு என்ன காது குத்துறீங்களா?"

"சரி, பெட்ரோல்? இருநூத்தி முப்பது கிலோமீட்டருக்கு பங்க் கிடையாது."

"கேன்ல எடுத்துக்கிட்டுப் போகலாம்."

"கேன்ல பெட்ரோல், பின்னாடி ஆக்சிஜன். வெடிச்சா ஏரியும் சேந்து வெடிக்கும்."

கடைசியில், "பாக்கலாம், பாக்கலாம். போற வழியில தோதுப்பட்டா பாக்கலாம்" என்று பூசி மெழுகினான். ஊரெல்லாம் வண்டி ஓட்டுகிறவன், வண்டிக்கு எது ஆகும் ஆகாது என்று அவனுக்குத் தெரியாதா என்று அவளும் அரைமனதாக விட்டுவிட்டாள். மற்ற இருபத்துமூன்று நாளும் அவ்வளவு அழகாக இருந்தன. இருந்தாலும் வரைபடத்தின் மேற்குக் கோடியில் அந்த வெள்ளைத் திட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவள் விரல் கொஞ்சம் நின்று போகும்.

கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது அவன் வழியை முடிவு செய்து, எந்த ராத்திரி எந்த ஊர், எந்த விடுதி என்று சுத்தமாக எழுதி, போன் நம்பர்களோடு கொடுத்தான். மறுநாள் அவளுக்கு ஓய்வு நாள். டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விடுதிகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டு அறை பிடிக்க உட்கார்ந்தாள். போன் என்று வந்துவிட்டால் அவள் குரலே மாறிவிடும். பெயர், நாள், எத்தனை பேர் என்று சொல்லி முடித்ததும், இருபது வருஷப் பழக்கத்தில் அடுத்த கேள்வி தானாக வந்தது.

"பக்கத்துல அடையாளம் என்ன?"

"பெரியாஸ்பத்திரி எதுக்கவேம்மா" என்றார் முதல் விடுதிக்காரர்.

குறித்துக்கொண்டாள். இரண்டாவது ஊர்.

"மருத்துவக் கல்லூரி பின்பக்க கேட்டு தெரியுமா? கேட்டைத் தாண்டினா மூணாவது கட்டடம்."

அவள் ஒன்றும் நினைக்கவில்லை. எந்த ஊரிலும் ஆஸ்பத்திரி நல்ல அடையாளம்தான். மூன்றாவது விடுதியில் ஒரு பெண் பேசினாள். "இருதய ஆஸ்பத்திரி இருக்குல்லங்க, அதே தெருதான். உங்களுக்கு வேண்டியவங்க யாராவது அட்மிட் ஆகியிருக்காங்களா? அட்டையைக் காட்டினா வாடகையில கழிவு உண்டு."

அப்போதுதான் அவளுக்கு மூக்கில் வியர்த்தது. நான்காவது ஊர் கடற்கரை ஊர். நாடு முழுக்க அதன் கடலைப் பார்க்கத்தான் அங்கே போகிறார்கள்.

"ஜன்னலைத் தெறந்தா கடல் தெரியுமாங்க?"

"கடல் தெரியாதும்மா. அவசர சிகிச்சைப் பிரிவு நல்லா தெரியும். விடிய விடிய லைட் எரியும், ஆள் நடமாட்டம் இருக்கும், பயமே இல்ல" என்றார் அந்தப் புண்ணியவான்.

அவள் போனை வைத்தாள். டீ ஆறிப்போயிருந்தது. எழுந்து வரைபடத்துக்கு முன்னால் போய், தன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அவன் போட்ட பென்சில் கோட்டின் மேல் விரலை வைத்து ஊர் ஊராக நகர்த்தினாள். கோட்டின் ஓரமாக, எறும்பு ஊர்ந்த மாதிரி, சின்னச் சின்ன எண்கள். 8. 14. 11. 19. இத்தனை நாள் அவற்றைக் கிலோமீட்டர் என்று நினைத்திருந்தாள். இப்போது ஊர்களின் தூரத்தோடு வைத்துப் பார்த்தால் எதுவும் ஒத்துப்போகவில்லை. அவளுக்குத் தெரிந்த எண்கள்தான் அவை. அவள் தினமும் போர்டில் பார்க்கிற எண்கள். ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிஷம் என்று அவன் போட்டு வைத்திருக்கிறான். காடானாலும் மலையானாலும் அந்தக் கோட்டில் இருபதுக்கு மேல் ஒரு எண் கிடையாது. மேற்கே வெள்ளை ஏரிவரை ஆசையாகப் போன கோடு, ஏரியைக் கண்டதும் சடாரென்று வடக்கே திரும்பி, லாரிகள் போகிற நெடுஞ்சாலையில் ஏறி ஓடியிருந்தது.

நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் இந்தப் பயணத்தில் அவன் அவளைச் சுற்றுலா கூட்டிப் போகவில்லை, ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து அடுத்த ஆஸ்பத்திரிக்கு மாற்றிக்கொண்டே போகிறான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை அவளுக்கு. முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் கோபம் வந்தது. வரைபடத்தின் மேலிருந்த டப்பா, டார்ச், பூட்டு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, நாட்டைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"பதினொண்ணு, வெளிய வாங்க."

"ரெண்டு நிமிஷம். ஒரு போல்ட்டு மக்கர் பண்ணுது."

"கன்ட்ரோல் கூப்பிடுது."

கால்கள் ஒரு கணம் அசையாமல் இருந்தன. பிறகு முழு ஆளும் முதுகால் நகர்ந்து வெளியே வந்தான். முகத்தில் கிரீஸ். அவள் கையில் இருந்த வரைபடத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"கடல் தெரியாத ரூம் எதுக்குங்க? அவசர சிகிச்சைப் பிரிவைப் பாத்துக்கிட்டு நான் எத்தனை மணி நேரம் உக்காரணும்?"

"இல்ல... அந்த லாட்ஜு சுத்தமா இருக்கும்னு அங்க ஆம்புலன்ஸ் ஓட்டுற நம்ம ஆள் ஒருத்தர்..." என்று மென்று முழுங்கினான்.

"எல்லா ஊர்லயும் நம்ம ஆளைக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என் நெஞ்சைப் பத்திச் சொல்லி?"

அவன் கையிலிருந்த துணியால் ஸ்பேனரைத் துடைத்தான். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"நான் என்ன உடைஞ்ச பாத்திரமா? டாக்டரே போகலாம்னுட்டாரு. நீங்க யாரு என் ஏரியை அழிக்க?"

"டாக்டர் சொல்லுவாரு. அவர் ஆஸ்பத்திரிக்குள்ளயே இருக்கறவரு" என்றான் அவன். குரல் மெதுவாகத்தான் வந்தது. "நீ போன்ல நேரம் பாப்ப. இந்த வண்டி பத்து நிமிஷம் லேட்டுன்னு நோட்டுல எழுதுவ. அந்தப் பத்து நிமிஷத்துல அங்க என்ன ஆச்சுன்னு நான்தான் போய்ப் பாக்குறேன். உனக்கு நம்பர் தெரியும் கன்ட்ரோல். எனக்கு மொகம் தெரியும். அன்னிக்கு உன்னைப் பின்னாடி போட்டுக்கிட்டு ஆறு நிமிஷம் ஓட்டினேன். எப்படி ஓட்டினேன்னு இன்னிவரைக்கும் எனக்கு ஞாபகம் இல்ல. அந்த ஏரி ரோட்டுல வண்டி வர ஒரு மணி அம்பது நிமிஷம். நான் சொல்லல, நீ சொன்னது. அந்த நூத்திப் பத்து நிமிஷத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

இரண்டு வருஷத்தில் அவன் இவ்வளவு நீளமாக இதைப் பற்றிப் பேசியதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே, "ஒண்ணுமில்ல, சின்ன அடைப்பு" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தவன் அவன். அவளுடைய கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கீழே கிடந்த ஸ்டெப்னி மேல் உட்கார்ந்தாள். அவனும் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"நான் ஒண்ணு சொல்றேன், கேக்குறீங்களா?" என்றாள். "இத்தனை வருஷமா உங்க வண்டியை எங்கெங்கயோ அனுப்பியிருக்கேன். லெஃப்ட்ல போங்க, பாலம் ஏறுங்க, ஆத்தங்கரையோட போங்கன்னு. ஒரே ஒரு தடவைதான் நான் அதுல ஏறினேன். அன்னிக்கு நான் என்ன பாத்தேன் தெரியுமா?"

"என்ன?"

"கூரை. வெள்ளைத் தகரம். ஒரு லைட்டு, நாலு ஸ்க்ரூ, ஓரமா ஒரு கீறல். வெளிய ஊரே ஓடுது, எனக்கு ஒண்ணும் தெரியல. செத்துடுவேனோன்னு தோணிச்சு. அப்ப நான் உங்களை நெனைக்கல, பொண்ணை நெனைக்கல, வெக்கத்தை விட்டுச் சொல்றேன். ஐயோ, கடைசியா பாக்குறது இந்தக் கூரைதானான்னுதான் நெனைச்சேன். அவ்ளோ அழுகை வந்துச்சு. வலிச்சுதுன்னு நீங்க நெனைச்சுக்கிட்டீங்க."

அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

"என்னைப் பத்திரமா பாத்துக்கணும்னு உங்களுக்கு ஆசை. பாத்துக்கோங்க. ஆனா பத்திரமா வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? மறுபடி அந்த நிலவறையில கொண்டுபோய் உக்கார வைக்கவா? எனக்கு முன்சீட்டு வேணுங்க. ஒரு தடவை முன்சீட்டுல உக்காந்து கண்ணாடி வழியா பாக்கணும். அதுக்கப்புறம் எத்தனை நிமிஷமோ அத்தனை நிமிஷம்."

அவன் எழுந்தான். அவள் மடியிலிருந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். சரி, கோபித்துக்கொண்டான் என்று அவள் நினைத்தாள். குளியலறையில் குழாய்த் தண்ணீர் வெகுநேரம் கொட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. தெருவில் யாரோ ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள். ஐந்து நிமிஷம் பொறுத்தாள், அதற்கு மேல் பொறுக்கவில்லை.

உள்ளே அவன் மேஜைமேல் வரைபடத்தை விரித்து, முகத்தை அதில் ஒட்டாத குறையாகக் குனிந்து, ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தான். முகம் கழுவியிருந்தான், கண் சிவந்திருந்தது. நெடுஞ்சாலையில் ஓடிய கோட்டை அழித்துவிட்டுப் பென்சிலை எடுத்து, ஏரியின் கரையில் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மெதுவாக இழுத்தான். ஒவ்வொரு வளைவுக்கும் பென்சில் வளைந்தது. இருநூற்று முப்பது கிலோமீட்டரையும் போட்டு முடிக்க அவனுக்கு நல்ல நேரம் பிடித்தது. ஓரத்தில் எண் எதுவும் எழுதவில்லை.

"இதுக்கு எத்தனை நாள் எழுதியிருந்த?" என்றான்.

"ஒரு நாள்."

"ஒரு நாளா? காலையில பூந்து மத்தியானம் வெளிய வந்துடுவேன். எனக்கு ஓட்டத்தான் தெரியும், வேடிக்கை காட்டத் தெரியாது. ரெண்டு நாள் போடு."

"நடுவுல தங்க ஒரு குடிசைகூட இல்லையே."

"வண்டியிலயே படுத்துக்கலாம். பறவைங்க சாயங்காலம் எறங்குதா காலையில எறங்குதா, உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ரெண்டையும் பாத்துட்டு வருவோம்."

நாலு வருஷமாகக் கேட்டது கைக்கு வந்துவிட்டது. அவள் நோட்டை எடுத்தாள். பன்னிரண்டாம் நாள், பதின்மூன்றாம் நாள் என்று எழுதப் போனவள் பேனாவை நோட்டுமேலேயே நிறுத்தினாள். அந்த மாவட்டத்தில் எத்தனை வண்டி, எது எங்கே நிற்கும், எவ்வளவு நேரத்தில் வரும் என்று அந்த வீட்டில் சரியாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ராத்திரி அந்த வெள்ளைக்கு நடுவில் இரண்டே பேர் படுத்திருப்பதை நினைத்தாள். பயமாகத்தான் இருந்தது. சந்தோஷமும் அதே அளவு, இல்லை, அதைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தது. இரண்டு நாளையும் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

அவன் அவள் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நான் பயந்துக்கிட்டேதான் ஓட்டுவேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றான்.

"ஓட்டுங்க" என்றாள் அவள். "நானும் பயந்துக்கிட்டேதான் பாப்பேன். ஆனா பாப்பேன்."

கிளம்ப இன்னும் நாலு நாள் இருந்தது. அவள் அன்றைக்கே பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள்.